சாமி இல்லை, பாண்டி

சிவந்தான்விளை
14 பிப்ரவரி 2023

அன்புள்ள பாண்டி அண்ணனுக்கு,

நலம்தானே? பெரியம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை.

கடிதத்தைப் பார்த்துப் பதறியிருப்பாய். என் போன் அப்பாவின் கடைப் பெட்டிக்குள் இருக்கிறது. நாலு நாளாக. பள்ளிக்கூட வேலைக்கும் போக வேண்டாமாம். அதனால் காகிதம். பதிலை முத்துமாரி அக்கா பேருக்கு அனுப்பு. தெற்குத் தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்கா. துணிக்குள் மடித்து வைத்துத் தருவாள்.

தேவபிரசாதத்தைப் பற்றி அப்பாவிடம் நானேதான் சொன்னேன். சாயர்புரம். என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவர், நான் கட்டிக்கொள்ள நினைக்கிறவர். நம் ஆட்கள்தான், ஆனால் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். அவர்கள் வீட்டில் சம்மதம். நான் மதம் மாற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அப்பா அடிக்கவில்லை. கத்தவில்லை. சுவரில் பெரியப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சித்திரையில கோயில் கொடை வருதுல்லா, சுடலைமாடன்கிட்ட கேப்பேன். குடுன்னா குடுக்கேன். வேண்டாம்னா சிவகாசி மாப்பிள்ளைக்குத் தலையாட்டணும்."

அம்மா கேட்டாள்: "சாமியாடுன அத்தான்தான் போயிட்டாவளே. போன வருசம் அந்தத் துக்கத்துல கொடையே நடக்கல. இந்த வருசம் சாமி யாரு மேல வரும்?"

"அண்ணன் மேல வந்தது அவர் மவன் மேலதான் வரும். பாண்டி நிக்கட்டும்."

அம்மா சிரித்துவிட்டாள். அந்த நேரத்திலும். "பாண்டி மேலயா? அவன் திருநீறு பூசியே பதினஞ்சு வருசம் ஆச்சு."

"அது அவனுக்கும் சாமிக்கும் உள்ளது" என்றார் அப்பா.

அண்ணா, நான் என்ன செய்ய?

தங்கை
ஐஸ்வர்யா

*

தூத்துக்குடி
21 பிப்ரவரி 2023

ஐசுவுக்கு,

அம்மாவின் முழங்கால் இன்று கோயில் படி ஏறியது. ஆகவே நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் பட்டினி கிடந்தால் சித்தப்பா அதை விரதம் என்று நினைத்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமைதோறும் அம்மாவை வண்டியில் கூட்டிப் போகிறேன். வெளியே செருப்புக்குக் காவல் நிற்பேன். விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்குவதும் நான்தான். ஒருநாள் கேட்டாள்: "நம்பிக்கை இல்லாதவன் வாங்குன எண்ணெ எரியுமாலே?" எரிகிறது.

துறைமுகத்திலும் இதே கதைதான். நிலக்கரிக் கப்பலைச் சுற்றிப் படகில் போய், அது தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் படிப்பது என் வேலை. படகோட்டும் மரியான் கிளம்பும்போது சிலுவை போட்டுக்கொள்வான். முன்பு சங்கு குளித்தவன். "நீங்க யாரக் கும்பிடுவீய அண்ணாச்சி?" என்றான். "உன்னத்தான். எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். அன்றிலிருந்து எனக்கும் சேர்த்து அவனே சிலுவை போடுகிறான்.

ஊர்ப் பெரியவர்கள் எனக்கும் ஆள் அனுப்பினார்கள். முடியாது என்றேன். மணி தொங்கும் அந்தச் சல்லடத்தை நம்பாதவன் இடுப்பில் கட்டுவது, நம்புகிறவர்களைக் கேலி செய்வது.

சித்தப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன்.

பாண்டி

*

சிவந்தான்விளை
6 மார்ச் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா? வெயிலில் வந்து வெயிலில் போனாய். தலைவலி வந்திருக்கும்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டேன்.

"பையன நீ பாத்தியா?"

"பாக்கல சித்தப்பா. ஐசு பாத்திருக்கால்லா."

"அது போதாது. சாமி சொல்லணும்."

"சாமி சொன்னாலும் என் வாயாலதான சொல்லும்? அத இப்பவே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க."

"இப்ப சொல்லுதது பாண்டி. அன்னைக்குச் சொல்லுதது சுடலை."

"ரெண்டுக்கும் ஒரே நாக்குதான்."

அப்பா சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு. "வித்தியாசம் எனக்குத் தெரியும்லே."

அவருக்குத் தெரியாது, அண்ணா. உனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் கேட்கிறேன். கூசாமல் கேட்கிறேன். கொடைக்கு நில். கொஞ்சம் நடுங்கு. அப்பா கேட்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொல். நம்பாதவனுக்கு அதில் என்ன பாவம்? உன்னைத் தண்டிக்கத்தான் யாருமே இல்லையே.

சிவகாசிக்காரர்கள் ஆவணியில் வருகிறார்களாம்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஐசு

*

தூத்துக்குடி
20 மார்ச் 2023

ஐசுவுக்கு,

தலைவலி வரவில்லை. சித்தி கட்டிக் கொடுத்த முறுக்கை அம்மாவும் நானும் இரண்டே நாளில் தீர்த்தோம்.

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கப்பல் காரணமில்லை. நாலு தாள் கிழித்தேன்.

தண்டிக்க யாரும் இல்லை என்பது சரி. மன்னிக்கவும் யாரும் இல்லை. செய்தது செய்ததாகவே கிடக்கும்.

அன்று சித்தப்பா வெறும் கேள்வியோடு வரமாட்டார். கும்பிட்டுக்கொண்டு வருவார். காலில் விழுவார். என்னை எடுத்து வளர்த்த கை அது. அந்தக் கும்பிடை வாங்கி நான் எங்கே வைப்பேன்?

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது. அப்பா சல்லடம் கட்டி நின்றார். மேளம் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார்கள். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "இந்த வருசம் வரல" என்றார். ஊரே ஏசியது. "ஆடுன மாதிரி ஆடினா என்ன, யாருக்குத் தெரியும்?" என்று அம்மாவே கேட்டாள். அப்பா சொன்னார்: "எனக்குத் தெரியும்லா."

அவர் நம்பியவர். நான் நம்பாதவன். இந்த ஒரு இடத்தில் நான் அவர் பிள்ளை.

உனக்கு உதவ வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறேன். அகப்படவில்லை. அகப்பட்டதாக எழுதவும் முடியவில்லை.

பாண்டி

*

சிவந்தான்விளை
3 ஏப்ரல் 2023

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

உன் நேர்மைக்கு வாடகை நான் கட்டுகிறேன்.

ஐஸ்வர்யா

*

தூத்துக்குடி
29 ஏப்ரல் 2023

ஐசுவுக்கு,

இங்கே அம்மா சுகம். உன்னைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறாள்.

நீ எழுதியது சரி. அந்த வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

பன்னிரண்டாம் தேதி மதியக்கொடைக்கு நிற்கப் போகிறேன். அம்மா கேட்டாள். அப்பா கட்டிய சல்லடம் இன்னும் ஒரே ஒருதரம் சுடலை முன்னால் நிற்க வேண்டுமாம். "நீ ஆட வேண்டாம். சும்மா நில்லு" என்றாள். பெரியவர்களிடமும் "நிற்பேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். "நீ நில்லு, மத்தத அவன் பாத்துக்கிடுவான்" என்றார்கள்.

உனக்கு நான் எந்த வாக்கும் தரவில்லை. இதை இரண்டு தரம் படி.

பாண்டி

*

சிவந்தான்விளை
15 மே 2023

அண்ணனுக்கு,

முதுகு வீங்கியிருக்கிறதா? ஒத்தடம் கொடுக்கச் சொல் பெரியம்மாவிடம்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ அப்போது உன்னைப் பார்த்திருக்க முடியாது.

பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் இருந்தேன். மணி பன்னிரண்டரை. மணல் கொதித்தது. சல்லடமும் கட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றாய். பின்னால் யாரோ சிரித்தார்கள். மேளக்காரர் பெரியப்பாவுக்கு என்றே வாசிக்கிற அந்த அடியை எடுத்தார். முதலில் உன் முழங்கால். பிறகு தோள். மணிகள் எல்லாம் ஒன்றாகக் கிலுங்கின. குலவை எழுந்தது. உன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

நடிக்கிறாய் என்று நினைத்தேன். எனக்காக. சந்தோஷத்தில் அம்மாவின் கையை நகம் பதியப் பிடித்தேன்.

அப்பா திருநீற்றுத் தட்டோடு ஓடி வந்தார். "சுடலே, எம் மவள சாயர்புரத்துப் பையனுக்குக் குடுக்கலாமா? சொல்லிரு அப்பா!"

நீ வாயைத் திறந்தாய்.

"சித்தப்பா, நான் பாண்டி. அப்பா நெனப்பு வந்துட்டு. அழுதேன். சாமி இல்ல."

மேளம் நின்றது. காகம் கத்தியது கேட்டது. அப்புறம் ஒருத்தர்: "ஏலே, சாமி வெளையாடுதுலே! நிப்பாட்டாத, அடி!"

உன் மறுப்பையும் அவர்கள் சாமி ஆக்கிவிட்டார்கள். மறுபடி மேளம். மறுபடி அப்பா. மறுபடி நீ: "இல்ல சித்தப்பா." மூன்றாம் தரம் அப்பா காலில் விழக் குனிந்தார். நீ அவருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டாய், விழ இடமில்லாமல். சல்லடத்தை அவிழ்த்தாய். பெரியம்மா கையில் கொடுத்தாய். கூட்டத்திலிருந்து உன் முதுகில் ஒரு அடி விழுந்தது. யார் அடித்தது என்று எனக்குத் தெரியும். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நடிக்கவும் தேவையில்லை, ஊர் முழுக்க நம்பிவிட்டது. என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை.

அத்தனை பேர் நடுவில் அப்படித் தனியாக ஒரு மனிதன் நின்று நான் பார்த்ததும் இல்லை.

இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் போய்விட்டது.

சாமி பேசவில்லை, அதனால் பதிலும் இல்லை என்கிறார் அப்பா. ஆவணி வரும். சிவகாசியும் வரும்.

ஐஸ்வர்யா

*

தூத்துக்குடி
18 ஜூன் 2023

ஐசுவுக்கு,

முதுகு சரியாகிவிட்டது. அங்கே காற்று ஆரம்பித்திருக்கும், மணல் கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு முழங்கால் தைலம் தீர்ந்தது. பேசினாள்.

ஊரிலிருந்து ஒரு பாட்டி பஸ் ஏறி வந்துவிட்டார். காணாமல் போன ஆட்டுக்குக் குறி சொல்ல வேண்டுமாம். நான் சாமி இல்லை என்றேன். "அப்படித்தான் அன்னைக்கும் சொன்னீரு" என்றார். காப்பி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். ஆடு தானாகவே வந்துவிட்டதாம். இப்போது என்ன சொன்னாலும் எடுபடாது.

மரியானிடம் நடந்ததைச் சொன்னேன். படகைக் கரையில் கட்டிவிட்டு, "கோயில்ல நின்னு அப்படிச் சொல்ல எனக்கு ஏலாது அண்ணாச்சி" என்றான்.

காற்றில் அலை பெரிது. எண் படிப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு கொஞ்சம் வேலை இருக்கிறது. அதனால்தான் கடிதம் தாமதம்.

உன் கோபம் இருக்கட்டும். சாப்பாட்டை விடாதே.

பாண்டி

*

சிவந்தான்விளை
23 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். பெரியம்மா நலமா? அத்தனை புளியையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள்?

முத்துமாரி அக்கா சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலை என்று எழுதியிருந்தாயே. ஒன்பது ஞாயிறு. அப்பா கடையில், புளி மூட்டை மேல், காலையிலிருந்து கடை அடைக்கும்வரை எனக்காக உட்கார்ந்திருந்தாயாம். அப்பா உன்னைப் பார்க்காத மாதிரி சாமான் கட்டுவாராம். வருகிறவன் போகிறவன் எல்லாம் ஏசினார்களாம். "என்ன பாண்டி, சாமி இன்னும் வெளையாடுதா?" என்றதற்கு நீ, "இல்ல அண்ணாச்சி, புளி வாங்க வந்தேன்" என்று சொல்லி, ஒவ்வொரு வாரமும் அரைக் கிலோ புளியோடு பஸ் ஏறினாயாம்.

எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

போன ஞாயிறு மத்தியானம் அப்பா சாப்பிட வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்:

"அன்னைக்கு அவன் ஆமான்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேன். பொறவு சாவுத வரைக்கும் அது சுடலையா பாண்டியான்னு கேட்டுட்டேல்லா இருப்பேன்? இந்த ஊருல எங்கிட்ட எவன் உள்ளதச் சொல்லுதான்? கடன் வேணும்னா பொண்ணு அழகுங்கான். கடன் இல்லன்னு சொல்லிட்டா வேதக்காரன் வேண்டாங்கான். இவன் ஒருத்தன்தான், ஊரே காலுல விழ வந்தும், இல்லன்னு சொன்னவன்."

அம்மா ரசம் ஊற்றினாள்.

"சாயர்புரத்துக்கு அவனையே போவச் சொல்லுதேன். பையனப் பாத்து எழுதிக் குடுக்கட்டும். வாயால வேண்டாம். கப்பக்காரன் அவன் கையெழுத்த நம்பிச் சரக்கு எறக்குதாம்லா, நானும் நம்புதேன்."

உனக்கு இன்று சொல்லியிருப்பார்.

அண்ணா, என்ன எழுது என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். தேவபிரசாதத்துக்குக் கோபம் வரும். வேலை நிரந்தரமில்லை. எனக்குத் தெரியாததும் ஏதாவது இருக்கலாம். நீ எல்லாவற்றையும் எழுதுவாய். பயமாக இருக்கிறது. இவ்வளவு பயத்திலும் வேறு ஒருவர் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

ஏப்ரலில் நான் எழுதிய வரியைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடு.

உன்
ஐசு

*

தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2023

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

பாண்டி வணக்கம். தாங்களும் சித்தியும் நலமென்று நம்புகிறேன். தங்களுக்குச் சர்க்கரை கூடியிருப்பதாக அம்மா சொன்னாள். மாத்திரையை விட வேண்டாம்.

சாயர்புரத்துக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை சொல்லாமல் போனேன்.

வீடு சொந்த வீடு. பின் சுவரில் கசிவு இருக்கிறது. பையன் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாது. குடி இல்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம், டீக்கடையில் இரண்டு பேரிடம் கேட்டேன்.

கோபம் உண்டு. என் முன்னாலேயே தம்பியை மோட்டார் போடவில்லை என்று சத்தம் போட்டார். பத்து நிமிடம் கழித்து அவரே போய்ப் போட்டுவிட்டு வந்து, தம்பி தட்டில் தன் மீனை வைத்தார்.

அவர் தாயார் கிருபை அம்மாள். நல்ல மாதிரி. ஐஸ்வர்யா மாற வேண்டாம் என்கிறார்கள். ஆனால் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி என்னிடம் இரண்டு முறை கேட்டார்கள். அந்த ஆசை அவர்களுக்கு இருக்கிறது. இதைத் தங்களிடம் மறைப்பது சரியில்லை. பையனிடம் கேட்டேன். "அத ஐஸ்வர்யாவும் நானும் பேசணும். இன்னும் பேசல" என்றார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லவில்லை.

நான் நம்பிக்கை இல்லாதவன் என்று தெரிந்ததும் கிருபை அம்மாள் எனக்காக ஜெபம் செய்தார்கள். முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் பார்த்தது. இனி வருவது என் எண்ணம் மட்டும், அதனால் தனியாக எழுதுகிறேன். ஐஸ்வர்யாவை அந்த வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயமில்லை.

தங்கள்
செந்தூர்பாண்டி

*

உ
சுடலைமாடசாமி துணை

சிவந்தான்விளை
26.8.2023

பாண்டிக்கு சித்தப்பா சுடலைக்கண்ணன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். அங்கு நீயும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும். மேலே போட்டிருப்பது எனக்கு. கீழே உள்ளது உனக்கு.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். பிள்ளைகளைப் பற்றி எழுதின இடத்தில் கோபம் வந்து கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து மீதியைப் படித்தேன். நீ அதை எழுதாமல் விட்டிருந்தால் மற்றதை நம்பியிருக்க மாட்டேன்.

ஐஸ்வர்யாவிடம் கேட்டேன். "அத நாங்க பேசி முடிவு பண்ணுவோம்" என்றாள். பையன் சொன்னதாக நீ எழுதினதையேதான் சொன்னாள். கடிதத்தை அவளிடம் நான் காட்டவில்லை. உன் சித்தி என்னைப் பார்த்தாள். 

சிவகாசிக்கு வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம், செப்டம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டாரை வரச் சொல். காலையிலேயே வர வேண்டாம். அவர்கள் கோயிலில் ஜெபம் முடித்துவிட்டு வரட்டும். நம் ஊரில் யாரும் எதுவும் பேசினால் நான் இருக்கிறேன்.

நீ மதினியைக் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடு. புளி வாங்க வேண்டாம். வீட்டுக்கு வா.

இன்னொன்று. அண்ணன் போய் ஒன்றரை வருசமாகிறது. நான் இன்னும் அழவில்லை. சாமியாக வருவார், வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு நீ அழுததைப் பார்த்ததிலிருந்து கடைக் கணக்கைத் தப்புத் தப்பாகப் போடுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் உட்காருவோம். மேளம் வேண்டாம்.

சித்தப்பா
சுடலைக்கண்ணன்